ஒரே வரிசையில் வைத்த மங்குகள்

1

இன்று ஜூலை பதினான்கு, பிரெஞ்சுக் குடியரசுத் திருநாள். காரைக்காலில் இருக்கும் ஊர்க்காரர்களான உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. விடிந்ததும் வெடிச் சத்தம் கேட்கும். மேரிக் கட்டடத்தின் முகப்பில் மூவர்ணத் துணி தொங்கும். சிவப்புத் தொப்பிச் சிப்பாய்கள் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். அரசலாற்றங்கரையில் வழுக்குமரம் நட்டு, உச்சியில் ஒரு வேட்டியைக் கட்டியிருப்பார்கள். நகரசபைக் கட்டடத்தை மேரி என்றும் நகரத் தலைவரை மேர் என்றும் நாம் சொல்வது இங்கே மலாயாவின் கெடாவில் யாருக்கும் புரியாது. இந்த வருஷம் அங்கே கொடி ஏற்றினார்களா, ஏற்றியிருந்தால் எந்தப் பிரான்சின் பேரில் ஏற்றினார்கள் என்பது எனக்குத் தெரியாது.

நான் பிலோமினா. ஜெராய் மலைக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெசராக இருந்த ஜோசேப் பிதேலின் மனைவி. டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து தபால் கிடையாது. இந்தக் கடிதத்தை எப்போது அனுப்புவேன் என்று தெரியவில்லை. அனுப்புவேன் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கு என்றைக்கும் வந்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

காலையில் என் மகள் ரொசாலி வந்தாள். அலோர் ஸ்டாரில் இப்போது சயாம் கொடி பறக்கிறது. அங்கே ஒரு சயாம் அதிகாரியின் ஆபீசில் துணி துவைக்கிற வேலை அவளுக்கு. அங்கேயே மெர்கோங் பகுதியில் இன்னும் சில பெண்களோடு ஒரு வீட்டில் தங்கியிருக்கிறாள். வந்தவள் உட்காரும் முன்பே சொன்னாள்:

"அம்மா, ஆபீஸ்ல எல்லார் பேரையும் பதிஞ்சாங்க. அப்பா எங்கன்னு கேட்டான். செத்துட்டாருன்னு சொல்லிட்டேன்லா."

நான் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"வேற என்னா சொல்றது? சயாமுக்குப் போனாரு, காணோம்னா, எப்ப வருவாரு, யாரு கூட்டிட்டுப் போனா, எதுக்குப் போனாருன்னு நோண்டி நோண்டிக் கேப்பான். சூசாலா, அம்மா, பெரிய தொல்லை. செத்துட்டாருன்னா ஒரே கேள்வியோட முடிஞ்சிடும்."

"பிதேல்னாவது சொன்னியா?"

"அதெல்லாம் அவனுக்கு எழுத வராது. ரொசாலி, தமிழு. அவ்ளோதான்."

 அவள் சொன்னதில் பொய்யென்று பிடித்துக்கொள்ள எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மறுபடி கத்தியை எடுத்துக் கிழங்கை உரித்தேன்.

2

அந்தப் பிதேல் என்ற பேர் சும்மா வந்ததல்ல. என் மாமனாரின் தகப்பனார் காலத்தில், சாதி வழக்கங்களை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்படுகிறேன் என்று அதிகாரி முன்னால் எழுதிக் கொடுத்தால், பிரெஞ்சுக்காரனுக்குச் சமமாகி விடலாம் என்று சொன்னார்கள். ஊரில் யாருக்கும் சமமில்லாத தெருவில் பிறந்தவர் அவர். ஓடிப்போய்ப் பெருவிரல் ரேகை வைத்தார். எழுதிக் கொடுத்தவர்களுக்குக் குடும்பப் பேர் ஒன்று வேண்டும் என்பது சட்டம். அங்கிருந்த எழுத்தர் பிதேல் என்று போட்டுக் கொடுத்தார். விசுவாசமுள்ளவன் என்று அர்த்தமாம். யாருக்கு விசுவாசம் என்று பாட்டனார் கேட்கவில்லை. அங்கிருந்து நேரே கடைக்குப் போய்ச் செருப்பு வாங்கினார். அந்தச் செருப்போடு பெரிய தெருவில் நடந்தபோது முதுகில் சாணி விழுந்தது.

சட்டத்தில் சமம் என்றால் கோயிலிலும் சமம் என்று ஆகிவிடுமா? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நாங்கள் உட்காரும் பக்கம் வேறாகவே இருந்தது. வோட்டுப் பட்டியலும் ஒன்றல்ல. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பட்டியல், மற்றவர்களுக்கு வேறு பட்டியல். எங்களைப் போல எழுதிக் கொடுத்தவர்களை ஒரு சட்டம் அந்தப் பக்கம் தள்ளும், அடுத்த சட்டம் இந்தப் பக்கம் தள்ளும். கைவிரலில் எண்ணிவிடக்கூடிய வெள்ளைக்காரர்களும் ஊர் முழுக்க இருந்த நம்மவர்களும் சபையில் பாதிப் பாதி இடம் பிடிப்பார்கள். இதற்குத்தான் குடியரசு என்று பேர்.

என் மாமனார் மேரியில் சேவகர். தேர்தலன்று வோட்டுப் பெட்டியைத் துடைத்து மேசையில் வைப்பது அவர் வேலை. அப்புறம் நடப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கட்சிக்காரன் தடியோடு தெருவின் இந்த முனையில் நிற்பான், இன்னொரு கட்சிக்காரன் அந்த முனையில் நிற்பான். மத்தியானத்துக்கு மேல் கல்லறையில் கிடப்பவர்கள் எழுந்து வந்து வோட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். மாமனார் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்க மாட்டார்.

"பெட்டி மேல என்ன தப்பு? ஒரே பட்டியல், ஒரே பெட்டி, தடி இல்லாத தெரு. அப்படி ஒருநாள் நடந்து பார்க்கட்டும், அப்புறம் பேசுங்க" என்பார்.

மற்ற ஆண்பிள்ளைகளுக்குக் குடி இருக்கும், சீட்டு இருக்கும். இவருக்கு வோட்டு. காரைக்கால் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கக் கற்றுக்கொண்டு வேலைக்கு எழுதிப் போட்டார். அந்த வேலை வேறு தெருவில் பிறந்த ஒருவருக்குப் போயிற்று. அந்தக் கோபத்தில்தான் நாங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினோம்.

3

தோட்டத்தில் துரைதான் எல்லாம். துரைக்குக் கீழே கணக்கு எழுதும் கிராணி, கிராணிக்குக் கீழே கங்காணி, கங்காணிக்குக் கீழே மூன்று லயங்களில் பால் வெட்டும் சனங்கள். லயம் என்றால் வரிசையாகக் கட்டிய கூலிவீடுகள். எந்தச் சாதிக்கு எந்த லயம் என்று யாரும் பலகை மாட்டவில்லை, மாட்டாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி ஓரமாக எங்கள் வீடு தனியே இருந்தது. நாங்கள் எந்த லயத்துக்கும் சேர்த்தியில்லை, எந்த லயத்திலும் எங்களுக்குச் சம்பந்தி கிடையாது. நான் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தேன். என் பேச்சைக் கேட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்கு 'பிரெஞ்சு டிரெசர்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் ஏறிப் போய்விட்டார். போகும்போது நாய்க்குச் சோறு போடச் சொன்னார், சனங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சில நாளில் ஜப்பான் அதிகாரி ஒருவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். குனிந்து வணங்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பதறிப்போனார். பள்ளிக்கூடத்தில் அடித்துப் பழக்கியது வாயில் வந்துவிட்டது. "போன்ழூர், மொசியே!" என்று உரக்கச் சொன்னார். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழவில்லை. அந்த அதிகாரி சைகோனில் இருந்தவனாம். அங்கே பிரெஞ்சுக்காரனும் ஜப்பான்காரனும் ஒரே ஊரை ஆளுகிறார்களாம். உடன் வந்த மலாய்க்காரர் "கவான், கவான்" என்று சொல்லி என் வீட்டுக்காரர் தோளில் தட்டினார். நண்பன் என்று அர்த்தம். இவர் பிரெஞ்சுக் குடிமகன், இவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று முத்திரை குத்திய ஒரு தாளும் பின்னால் வந்தது.

நம் காரைக்கால் ஜப்பான்காரனோடு ஒத்துப்போகிற அந்தப் பிரான்சின் பக்கமா, அதை எதிர்க்கிற பிரான்சின் பக்கமா என்று அந்த அதிகாரிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.  அந்தத் தாளைத் துணியில் சுற்றி மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன். மூன்று தலைமுறையாக அந்தப் பேரால் எங்களுக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

4

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். முதலில் ஆறு மாச வேலை, நல்ல கூலி, நல்ல சாப்பாடு என்றார்கள். போனவர்களிடமிருந்து சேதி வராமல் போனதும் யாரும் அசையவில்லை. அப்புறம் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தது.

ஆளைப் பொறுக்குவது முத்துவேலு கங்காணியின் வேலை. அவர் கடைசி லயத்தில்தான் கைவைப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். வாயில்லாதவர்கள் அங்கேதான் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் பெரட்டுக் களத்துக்குப் போனார். காலையில் ஆள் கூப்பிடும் கொட்டகையைத்தான் இங்கே பெரட்டுக் களம் என்பார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

"கங்காணியாரே, நீங்க தனியாப் பொறுக்க வேண்டாம். எல்லாரும் வோட்டுப் போடட்டும். அறுபது வயசுக்குக் கீழ உள்ள ஆம்பளைங்க எல்லாரும் ஒரே வரிசையில. கிராணி, நீங்க, நான், மூணு லயமும்" என்றார்.

கங்காணி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பினார்.

"நல்லதாப் போச்சு டிரெசரே. நான் பொறுக்குனா என் வூட்டுக் கூரைக்கு நெருப்பு வெப்பானுங்க. எல்லாருமாச் சேந்து பொறுக்குனா யாரு கூரைக்கு வெப்பானுங்க?"

வோட்டு என்றால் என்ன என்பது அந்த மனுஷருக்கு ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அது வாழ்நாள் முழுக்க விளங்கவில்லை.

சனங்களுக்கு எழுத்து தெரியாது. பால் வெட்டு நின்றுபோனதால் ரப்பர் பால் பிடிக்கிற பீங்கான் மங்குகள் சும்மா கிடந்தன. என் வீட்டுக்காரர் ஆளுக்கு ஒரு மங்கு எடுத்தார். புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரைந்தார். கங்காணிக்குத் தலைப்பாகை, கிராணிக்கு மூக்குக் கண்ணாடி, ஆடு வளர்க்கும் பெரியசாமிக்கு ஆட்டுத் தலை. தனக்கு ஒரு சிலுவை. சாக்குப் படுதாவுக்குப் பின்னால் எல்லா மங்குகளையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு ஆணும் கையில் ஒரு ரப்பர்க் கொட்டையோடு உள்ளே போய், யார் போக வேண்டும் என்று நினைக்கிறானோ அவன் மங்கில் போட்டுவிட்டு வர வேண்டும். கொட்டை விழும் சத்தத்தை வைத்து எந்த மங்கு என்று வெளியே கண்டுபிடித்துவிடக் கூடாதாம். அதற்காக ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த பஞ்சையெல்லாம் கிள்ளிக் கிள்ளி மங்குகளின் அடியில் வைத்தார். அந்தப் பஞ்சுக்கு எத்தனை புண்கள் காத்திருந்தன! நான் சொன்னதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஓடியாடிக்கொண்டிருந்தார்.

நான் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"உங்க மங்கை எதுக்குங்க வெக்கிறீங்க? நமக்குத்தான் தாள் இருக்கே!"

"அது இருக்கறதாலதான் வெக்கணும், பிலோமி. எனக்கு ஒரு பட்டியல், இவங்களுக்கு ஒரு பட்டியல்னா நாம காரைக்கால்லயே இருந்திருக்கலாமே."

பெண்களுக்கு வோட்டு கிடையாது. அதிலும் காரைக்கால் முறைதான்.

5

கிராணி எல்லார் முன்னாலும் ஒவ்வொரு மங்காகக் கவிழ்த்து எண்ணினார். சிலதில் ஒன்றிரண்டு, சிலதில் மூன்று நான்கு, சிலதில் வெறும் பஞ்சு. வரிசையின் கடைசியில் சிலுவை மங்கு இருந்தது. அதைக் கவிழ்த்ததும் கொட்டைகள் மேசை கொள்ளாமல் தரையில் உருண்டன.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கங்காணிதான் முதலில் பேசினார்.

"டிரெசரை விட்டுருவோம்லா. அவருதான் பிரெஞ்சாச்சே, ஜப்பான்காரனே தொட மாட்டான். அடுத்த எட்டுப் பேரை எடுத்துக்குவோம்."

எல்லாத் தலைகளும் ஒன்றாக ஆடின. அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இவர்களுக்கு என் வீட்டுக்காரர் மேல் ஒரு பகையும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் மங்கில் போட யாருக்கும் மனசு வரவில்லை. போட்டால் அவன் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது? இவருக்குப் போட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை, எப்படியும் இவரைக் கொண்டுபோக மாட்டார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவன் மட்டும் அப்படிச் செய்வதாக நினைத்து, நல்ல மனசோடு, கொலைபாதகத்தைச் செய்துவிட்டார்கள்.

"என்னை விட்டா எட்டாவதா யாரு வர்றாங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

கிராணி பார்த்துச் சொன்னார். பெரியசாமி. அவருக்கு மூன்று கொட்டை விழுந்திருந்தது. வீட்டில் நாலு சின்னப் பிள்ளைகள், பெண்டாட்டி வாயும் வயிறுமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் பேர் அஞ்சலை. கிராணி பேரைச் சொன்னதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வோட்டு விழுந்தது எனக்குத்தானே. நானே போறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத வார்த்தையெல்லாம் அன்றைக்குச் சொன்னேன். தாளைக் கொண்டுவந்து கங்காணி கையில் திணித்தேன். மகளை இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்து, ஏதோ நான் சின்னப் பிள்ளை மாதிரி, மெதுவாகச் சொன்னார்:

"எங்க தாத்தா கைநாட்டு வெச்சது எதுக்கு, பிலோமி? எல்லாரும் ஒண்ணுன்னு. இன்னைக்குத்தான் அது நடந்துச்சு. எனக்குப் பிடிக்காத முடிவு வந்திடுச்சுன்னு அதை இல்லைன்னு சொல்ல முடியுமா? ஆறு மாசந்தானே. டிரெசரை அங்கயும் ஆஸ்பத்திரியிலதான் வெப்பாங்க."

லோரி வந்தது. ஒரு போத்தல் கொயினாக் காய்ச்சல் மருந்தையும் மாற்று வேட்டியையும் எடுத்துக்கொண்டு ஏறினார். பெருமையாகத்தான் இருந்தார். அந்தப் பெருமையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

6

இப்போது ஆஸ்பத்திரியில் கோழி அடைகிறது. காட்டுமரங்கள் மாதிரி ரப்பர் மரங்கள் நிற்கின்றன. காலை எழுந்து மரவள்ளிக்குக் களை வெட்டுகிறேன். வாரத்தில் ஒருநாள் நடந்தே யான் என்கிற ஊருக்குப் போய், இருக்கிற துணியில் ஒன்றைக் கொடுத்து நெல் வாங்கி வருகிறேன். புடவைகள் தீர்ந்துவிட்டன. மாதா படத்தின் பின்னால் தாளைச் சுற்றியிருந்த துணியையும் கொடுத்தாயிற்று. தாள் இருக்கிறது. அதை யாரும் நெல்லுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவர் போன நாளிலிருந்து லயத்துச் சனங்கள் என்னைத் தாங்குகிறார்கள். ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டுவருவாள். ஒருவர் கூரையில் அத்தாப்பு ஓலை மாற்றிக் கொடுப்பார். கோலா கெடாவிலிருந்து உப்பு வந்தால் முதல் பிடி எனக்குத்தான். பெரியசாமியும் தோட்டத்தில் இருந்தவரை வாரம் தவறாமல் விறகு பிளந்து போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமலே போவார். கொடுக்கிற ஒவ்வொரு கையையும் பார்க்கும்போது, இந்தக் கையும் போட்டதா, போடவில்லையா என்றுதான் என் புத்தி ஓடுகிறது. கேட்கவும் முடியாது. பஞ்சு வைத்து, படுதா கட்டி, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிட்டுத்தானே அவர் போனார். கீரையை வாங்கிக்கொண்டு "நல்லா இரும்மா" என்பேன், உள்ளே போய் அழுவேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் சயாமிலிருந்து தப்பி வந்தார். முழங்காலுக்குக் கீழே புண்ணாக இருந்தது. டிரெசர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். "டிரெசருன்னு அங்க யாரும் இல்லம்மா, எல்லாரும் மண்ணு சொமக்கிற ஆளுதான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நா ஒரு கேம்ப்புதானே பாத்தேன்" என்று சேர்த்துக்கொண்டார். ஆறு மாசம் எப்போதோ தாண்டிவிட்டது.

மத்தியானம் ரொசாலி கிளம்பும்போது மறுபடி அதே பேச்சை எடுத்தாள். அவளுடைய தமிழில் இப்போது பாதி மலாய். பூசை, ஜெபமாலை எல்லாம் போய்விட்டது. பிரெஞ்சில் ஒன்று, இரண்டு சொல்லக்கூட மறந்துவிட்டாள். அதை மறந்ததால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

"நீதான் எதையும் முடிச்சுத் தொலைக்க மாட்டேங்கிற. அன்னிக்கே அந்த மங்கை எடுத்துரச் சொல்லியிருந்தா எல்லாம் வேற மாதிரி ஆயிருக்கும்."

அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

7

அவர் போய்ச் சில மாதத்தில் இரண்டாம் முறை ஆள் கேட்டார்கள். சைகோன் அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டான். புதிதாக வந்தவன் பன்னிரண்டு பேர் என்றான். மறுநாளே லோரி வரும் என்றான்.

கங்காணி என் வீட்டுக்கு வந்தார். "டிரெசரம்மா, போன தடவ மாதிரியே வோட்டு வெச்சிருவோம். இந்தத் தடவ பொம்பளைங்களும் போடட்டும். அப்பத்தான் நாளைக்கு யாரும் யாரையும் கேக்க முடியாது" என்றார். சாக்கிலிருந்த மங்குகளைக் கொட்டி, பெரட்டுக் களத்தில் வரிசையாக வைத்தார். போனவர்களின் மங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே வந்தவர், சிலுவை மங்கைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார்.

"எடுத்துரட்டுமா?"

மற்ற ஏழு பேரின் பெண்டாட்டிகளும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார்கள். அவர்கள் புருஷன்மாரின் மங்குகளை எடுக்கும்போது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. என்னை மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றால் அவர் இனி வரமாட்டார் என்று என் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். "அப்பாதான் இல்லியே, எடுத்துரச் சொல்லும்மா" என்று ரொசாலி என் முழங்கையைப் பிடித்து ஆட்டினாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

இந்த முறை பஞ்சு இல்லை. ஆட்கள் உள்ளே போய்வரப் போய்வர, கொட்டை பீங்கானில் விழுகிற சத்தம் வெளியே நன்றாகக் கேட்டது. முதல் ஆள் போனார். வரிசையின் கடைசிப் பக்கமிருந்து 'டக்' என்றது. இரண்டாவது ஆள் போனார். அதே பக்கம். மூன்றாவதும் அதே பக்கம். கங்காணி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு சத்தம் மாறிவிட்டது, கொட்டை மேல் கொட்டை விழுகிற மொத்தையான சத்தம். வெளியே நின்ற எல்லாருக்கும் அது எந்த மங்கு என்று தெரிந்தது. தெரிந்தும் அடுத்துப் போனவர்களும் அங்கேதான் போட்டார்கள்.

என் முறை வந்தது. நாற்பது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த முதல் வோட்டு. படுதாவுக்குப் பின்னால் போனேன். சிலுவை மங்கு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. மற்ற மங்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. இப்படியே போனால் யாரும் தேர்வாக மாட்டார்கள் என்பதும், தேர்வாகாவிட்டால் ஜப்பான்காரன் தன் விரலால் தேர்ந்துகொள்வான் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. கங்காணியின் தலைப்பாகையைப் பார்த்தேன். கிராணியின் கண்ணாடியைப் பார்த்தேன். ஆட்டுத் தலையைப் பார்த்தேன். பெரியசாமியின் விறகு இன்னும் என் வாசலில் கிடந்தது. அந்தக் கொட்டையை யார் தலையில் போடுவது? என் கை தானாக வரிசையின் கடைசிக்குப் போயிற்று.

மறுநாள் அதிகாரி வந்து மங்குகளைப் பார்த்தான். நிறைந்திருந்ததைச் சுட்டி, இந்த ஆளை முதலில் கூப்பிடு என்றான்.

"அவரு முன்னமே போயிட்டாரு, துவான்" என்றார் கங்காணி.

அவனைக் கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டான். கங்காணியின் கன்னத்தில் அறைந்தான். பிறகு முன்னால் நின்றவர்களை விரலால் எண்ணிக்கொண்டே போனான். பன்னிரண்டில் மூன்றாவது ஆள் பெரியசாமி. அஞ்சலை இடுப்பில் கைக்குழந்தையோடு லோரியை நோக்கி ஓடிவந்தாள். அவளைப் பிடித்துக்கொள்ள நான்தான் போனேன். என் வீட்டுக்காரர் எந்த மனுஷருக்காகப் போனாரோ அந்த மனுஷரும் போனார்.

லோரியில் ஏறிய பெரியசாமி பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, அன்னிக்கி நானும் டிரெசருக்குத்தான் போட்டேன். அவர எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சுதான்."

"தெரியும், தம்பி. நேத்து நானும் அவருக்குத்தான் போட்டேன்" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். லோரி கிளம்பியது.